மூன்று முகங்களுக்கு ஒரு பூச்சு

1

இந்தக் கதை என் தங்கையிடமிருந்து சுட்டது. இரும்புப் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறாள். மாலைக் கல்லூரியில் டிப்ளமோ படிக்கிறாள். கணக்குத் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இந்த முறையும் போனால் படிப்பிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள்.

முதல் வரி: ‘தேர்வறையில் மயான அமைதி நிலவ, அவளுடைய விரல்கள்...’

வேண்டாம். படித்தால் சிரிப்பாள்.

2

கேள்வி இதுதான்: x³-இன் வகைக்கெழுவைக் காண்க. சூத்திரம் நினைவிருந்தால் ஒரே வரி. இவளுக்குத் தலைக்குள் ஒன்றுமே இல்லை. 3x²-ஆ, x⁴/4-ஆ? (இரண்டாவது தொகையிடலுக்கானது. இரண்டையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்தால் இப்படித்தான்.)

இந்த இடத்தில் அவளை அழவைத்து எழுதி, படித்துக் காட்டினேன்.

“நான் எங்க அழுதேன்க்கா? கடுப்பா இருந்துச்சு, அவ்வளவுதான்.”

“அப்புறம் என்ன பண்ணே?”

“பெட்டிய நெனச்சேன்.”

அழுகையை அடித்துவிட்டேன்.

3

பக்கம் x உள்ள கனசதுரப் பெட்டி. கன அளவு x³. அறையின் மூலையில் ஒட்டி வைத்தால் மூன்று முகங்கள்தான் வெளியே தெரியும். அவற்றுக்கு h தடிமனில் பூசுகிறாள். முகம் ஒன்றுக்கு x² பரப்பு. ஆக 3x²h பெயின்ட். விளிம்புகளுக்கும் முனைக்கும் இன்னும் கொஞ்சம்: 3xh², h³. பக்கம் வளர வளர கன அளவு எந்த வேகத்தில் கூடுகிறது என்பதுதானே வகைக்கெழு? எல்லாவற்றையும் h-ஆல் வகுத்தாள்.

3x² + 3xh + h².

பூச்சை மெல்லிசாக்கிக்கொண்டே போனாள். h பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க, பின்னால் தொங்கிய இரண்டும் கரைந்தன. 3x² மட்டும் நின்றது.

“யாரும் சொல்லித் தரலக்கா, நானே கண்டுபிடிச்சேன்! எழுந்து கத்தணும் போல இருந்துச்சு.”

“கத்துனியா?”

“பேனாவ ஓங்கி டெஸ்க்ல வச்சேன். மேற்பார்வைக்கு வந்தவர் மொறச்சார். மொறைக்கட்டுமே!”

(இது பல நூற்றாண்டுப் பழசு என்று அடிக்குறிப்பு போட நினைத்தேன். எதற்கு வாயைக் கொடுத்து...)

4

தேறிவிட்டாள். மதிப்பெண்ணை எழுதக் கூடாது என்று உத்தரவு.

முடிவுக்கு, பட்டறையே கைதட்டுவதாக ஒரு வரைவு வைத்திருந்தேன். உதட்டைப் பிதுக்கினாள்.

“அங்க மெஷின் சத்தத்துல எவனுக்குக் கைதட்டல் கேக்கும்? அத விடு. x⁴-க்கு என்ன வரும், சொல்லு பாப்போம்.”

“அதுக்குத்தான் பெட்டியே கிடையாதே!”

“பெட்டி இல்லாமலே போட்டுட்டேன்.” குரலில் அத்தனை மிடுக்கு.

“என்ன வந்துச்சு?”

“சொல்ல மாட்டேன். படிக்கிறவங்க போட்டுப் பாக்கட்டும், அந்தச் சந்தோஷத்த நான் ஏன் கெடுக்கணும்?”

ஆகவே விடையை நானும் எழுதவில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன்.