மூச்சு வாங்கும் நேரத்தில் ஓர் ஏரி

மலக்கி ஹெஹிர் தம் ஏரிக் கவிதையை எங்கள் கில்வார்னா ஊர்க்கூடத்தில் இதற்கு முன் இரண்டு தடவை படித்திருக்கிறார். மொத்தம் பதினோரு பகுதி. இரண்டு தடவையும் நாலைத் தாண்டவில்லை. முதல் தடவை தேநீர் கொதித்துவிட்டது. அடுத்த தடவை யாருடைய பசுவோ கன்று போடப்போகிறது என்று சேதி வந்தது. பசுவுக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் எழுந்து ஓடினார்கள்.

பதினொன்றையும் இந்த ஊர் கேட்டே ஆகவேண்டும் என்றுதான் இம்முறை அசம்ப்டா கான்சிடைனைப் பிடித்தார். அசம்ப்டா பிடிலை எடுத்தால் எங்கள் ஊரில் நாய்கூட வெளியே போகாது.

ஒத்திகைக்கு விளக்குப் போட்டது நான். மலக்கி பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கறுப்பு வெல்வெட் கோட்டு தைத்துக்கொண்ட பிறகு ஓய்வு பெற்றதை மறந்துவிட்டார்.

"ஒவ்வொரு பகுதிக்கு நடுவுலயும் கொஞ்சம் வாசி. அஞ்சாவது முடிஞ்சதும் துள்ளலா ஒரு ரீல் மெட்டு வை."

"ரீல் வேண்டாம் மலக்கி. இந்தக் கூடத்துல ரீலை உட்கார்ந்து கேட்டவன் எவன்? ஜோடி சேர்ந்து செட்டு கட்டி ஆட ஆரம்பிச்சிடுவாங்க."

"கவிதைக்கு நடுவுலயா? அந்த இங்கிதம்கூடவா தெரியாது?"

"உங்கப்பா முதல் ஆளா எழுந்திருப்பாரே! அவருக்கு இங்கிதம் இல்லையா?"

"அசம்ப்டா, இது கலை."

"சரி சாமி. அப்போ நாற்காலிக்கெல்லாம் ஆணி அடிச்சு வைக்கச் சொல்லு."

ஞாயிறு மூன்று மணிக்கே ஏரியிலிருந்து பனி ஏறி ஜன்னல்களை வெள்ளையாக்கிவிட்டது. உள்ளே ஈரக் கம்பளியின் வாசனை. முதல் பகுதியில் ஏரி காலத்தின் கண்ணாக இருந்தது. இரண்டாவதில் கண்ணின் காலமாயிற்று. நடுநடுவே அசம்ப்டா மெதுவான ராகம் ஒன்றை இழுத்தார். வில் போகிற பக்கமெல்லாம் கூடமே படகு போலச் சாய்ந்து கொடுத்தது. தூங்கியவர்கள்கூட நன்றாகத் தூங்கினார்கள்.

ஐந்தாவது முடிந்தது. மலக்கி வெற்றியோடு தலையசைத்தார். அசம்ப்டா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரீலைத் தொடங்கினார்.

யாரும் முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. நாற்காலிகள் சுவரோரம் போயிருந்தன. நாலு ஜோடிக்கு ஒரு சதுரமாக மூன்று செட்டு தயார். நாலாவதில் ஏழு பேர். தபால் நிலையம் நடத்தும் டிம்ப்னா லூனிக்கு ஜோடி இல்லை. நேராக மேடைக்கு வந்தார்.

"இறங்கி வா மலக்கி. ஒரு ஆள் குறையுது."

"இன்னும் ஆறு பகுதி இருக்கு டிம்ப்னா!"

"இருக்கட்டுமே. ஊசிப் போயிடுமா என்ன? வா."

மலக்கி அசம்ப்டாவைப் பார்த்து நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார். ஆட்டம் கிளம்பிய பிறகு பாதிச் சுற்றில் பிடிலை நிறுத்துகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. அசம்ப்டா கண்ணை மூடிக்கொண்டார். மலக்கி காகிதங்களை மேடையிலேயே விட்டு இறங்கினார். முகம் துக்க வீட்டுக்குப் போகிற மாதிரி இருந்தது. கால்கள் மட்டும் கல்யாண வீட்டுக்குப் போயின.

ஒரு செட்டுக்கு ஆறு சுற்று. சுற்று முடிந்தால் பிடில் நிற்கும். ஆடியவர்கள் கோத்த கையோடு நின்ற இடத்திலேயே மூச்சு வாங்குவார்கள். முதல் சுற்று முடிந்தது. முப்பத்திரண்டு பேர். ஒருவருக்கும் பேசத் தெம்பில்லை. ஆய்வாளராக எத்தனையோ வகுப்புக்குள் நுழைந்தவர் மலக்கி. இப்படி ஒரு அமைதியைப் பார்த்ததில்லை.

"ஆறாவது பகுதி," என்றார் மூச்சிரைக்க.

அது அறுபது வரி. கையில் காகிதம் இல்லை. இருந்த மூச்சுக்கு மூன்றுதான் வந்தது.

"பனி ஏரியைத் தூக்கிக்கொண்டு போகிறது.
காலையில் கொண்டுவந்து வைக்கிறது.
கரை எண்ணிப் பார்ப்பதில்லை."

"அவ்வளவுதானா?" என்றார் டிம்ப்னா.

"அவ்வளவுதான்," என்று மலக்கி கூசாமல் புளுகினார்.

"அட, நல்லாருக்கே!"

அடுத்த சுற்று. ஏழாவதுக்கு இரண்டு வரி. அதற்கடுத்த சுற்றில் எட்டாவது. காலத்தின் கண் மூச்சில்லாமல் விழுந்துபோய், ஒரு வாத்து மட்டும் மிஞ்சியது. சுழலச் சுழல ஜன்னலின் வெண்மை உள்ளே வந்து எங்களோடு சுற்றியது. எந்தக் கை யாருடையது என்று தெரியவில்லை. பிடில் நிற்கும், ஒரு குரல் கொஞ்சம் தண்ணீரைப் பற்றிச் சொல்லும், மறுபடி கிளம்புவோம்.

ஆறாம் சுற்றும் முடிந்தது. வழக்கமாக அதோடு எல்லோரும் தேநீருக்குப் பாய்வார்கள். கெண்டி பின்னால் சீறிக்கொண்டிருந்தது. மலக்கி அந்தப் பக்கம் ஒரு தடவை பயந்து பார்த்தார். யாரும் கையை விடவில்லை.

"சொல்லேன்யா, பதினொண்ணாவது பாக்கி," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அது தொண்ணூறு வரி. மலக்கி இருந்த மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"ஏரி இருக்கிறது," என்றார்.

கொஞ்ச நேரம் இருந்தது. பிறகுதான் கை தட்டினார்கள்.

"வேற ஏதாவது வெச்சிருக்கியா மலக்கி?" என்றார் டிம்ப்னா, நெற்றியைத் துடைத்தபடி.

"மலையப் பத்தி ஒண்ணு இருக்கு. இருபது பகுதி."

"செட்டுக்கு ஆறுதான் போகும்," என்றார் மேடையிலிருந்து அசம்ப்டா. "மூணு செட்டுக்கு மேல என் தோள் தாங்காது. பதினெட்டா ஆக்கு."

மலக்கி கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். இரண்டு பகுதியை அங்கேயே விட்டுக்கொடுத்தார்.