நான்கு நிமிடம் நின்றவர்

அக்காவுக்கு ஸ்டூடியோவில் ரப்பர் என்று பெயர். தங்கை வைத்த பட்டப்பெயர்தான், ஆனால் பொய்யில்லை. தங்கை எடுத்து வரும் படங்களில் பரு, மின்கம்பி, சட்டைக் கசங்கல், பின்னால் வாயைப் பிளந்து நிற்கும் வழிப்போக்கன் என்று எது இருந்தாலும் சரி, அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் இருந்த சுவடே தெரியாது. ஸ்டூடியோ திறந்த அன்று எடுத்த குடும்பப் படத்தில் கண் மூடியிருந்தது என்று தன்னையே அழித்துக்கொண்ட மகராசி அவள். அந்தப் படம் இன்றும் வாசலில் தொங்குகிறது. அதில் அப்பா, அம்மா, தங்கை, ஒரு பூத்தொட்டி. பூத்தொட்டி இருக்கும் இடத்தில்தான் அக்கா நின்றிருந்தாள்.

தங்கைக்கோ கம்ப்யூட்டர் என்றாலே வேப்பங்காய். "எடுக்கும்போதே ஒழுங்கா எடுக்கணும், அப்புறம் என்ன பூசி மெழுகுறது?" என்பாள். அவள் பையில் கேமராவைவிட ஃபில்டர்கள்தான் கனம். கண்ணாடியின் பளபளப்பை அடக்க ஒன்று, வெளுத்த வானத்தைக் கொஞ்சம் இருட்டாக்க ஒன்று. "ஒரு ஃபில்டரைத் திருகி முடிக்கிறதுக்குள்ள நான் பத்து படத்தைத் திருத்தி முடிச்சிடுவேன்" என்பாள் அக்கா. இந்தச் சண்டை காலையில் கதவு திறக்கும்போது தொடங்கும், பூட்டும்போது முடியும். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். அக்காவுக்கு வயது நாற்பத்தொன்று, தங்கைக்கு முப்பத்தாறு. கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

இந்த லட்சணத்தில்தான் ரயில் நிலையத்திலிருந்து வேலை வந்தது. பெரிய கூடத்தின் தரையில் புதிதாகக் கறுப்பு வெள்ளைக் கல் பதித்திருந்தார்கள். அதைப் படம் எடுத்துச் சுவரளவுக்கு மாட்ட வேண்டும். "படத்துல ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாது. ஆனா கூடத்தை ஒரு நிமிஷம்கூட மூட முடியாது" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். காலை முதல் மாலை வரை திருவிழாக் கூட்டம் அலைமோதும் இடம் அது.

"என்கிட்ட கறுப்பு ஃபில்டர் இருக்கு" என்றாள் தங்கை. வெல்டிங் செய்பவர்கள் முகத்தில் மாட்டும் கண்ணாடி போல இருக்கும் அது. அதை லென்ஸில் மாட்டினால் வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே போகும். நான்கு நிமிடம் திறந்து வைத்தால் ஒரு படம். நடக்கிறவன் எந்த இடத்திலும் பதிகிற அளவுக்கு நிற்பதில்லை, அதனால் படத்தில் இருக்கமாட்டான். சுவரும் தூணும் மட்டும் இருக்கும்.

"அதே நாலு நிமிஷத்துல பத்து செகண்டுக்கு ஒண்ணா இருபத்திநாலு படம் எடுப்பேன். ஒவ்வொரு இடத்துலயும் அதிகமா எது இருந்துச்சோ அதை மட்டும் வெச்சுக்கோன்னு கம்ப்யூட்டர்கிட்ட சொல்லுவேன். நடந்தவன் எல்லாம் காலி" என்றாள் அக்கா.

பந்தயம் கட்டினார்கள். தோற்றவள் ஒரு வருஷத்துக்குக் கைக்குழந்தைகளைப் படம் எடுக்க வேண்டும். அழுகிற குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டி ஆட்டி நொந்துபோனவர்களுக்குத்தான் அதன் பயங்கரம் தெரியும்.

ஆனால் அந்த வாரம் அக்காவின் மனம் பந்தயத்தில் இல்லை. அது விசாரணைச் சன்னலில் இருந்தது.

ரயில் நிலையத்து விசாரணைக்காரரைச் சொல்கிறேன். எந்த வண்டி, எத்தனை மணி, எந்த மேடை என்று யார் கேட்டாலும் நிமிராமல் பதில் சொல்வார். நாள் முழுக்க ஊருக்கே பதில் சொல்கிற மனுஷனுக்குத் தன் காரியத்துக்கு ஒரு கேள்வி கேட்க வாய் வராது. இரண்டு வருஷத்தில் பதினோரு முறை ஸ்டூடியோவுக்கு வந்து பாஸ்போர்ட் அளவுப் படம் எடுத்திருக்கிறார். எடுத்து முடித்ததும் அக்காவின் மேஜை அருகே நிற்பார். "இன்னிக்கு வெயில் அதிகம்" என்பார். "ஆமாங்க" என்பாள் அக்கா. அவ்வளவுதான், போய்விடுவார்.

"ஒரு ஆளுக்கு எத்தனை பாஸ்போர்ட் படம்க்கா வேணும்? ஊர் ஊரா தேடப்படுற குற்றவாளியா அவரு?" என்று தங்கை கேலி செய்வாள். அக்கா "போடி வேலையப் பாத்துக்கிட்டு" என்பாள். ஆனால் அந்தப் பதினோரு படங்களில் ஒன்றில்கூட அவர் முகத்தில் அவள் கை வைத்ததில்லை. இடது புருவத்துத் தழும்பு, கன்னத்து மச்சம், காதோரத்து நரை எல்லாம் அப்படியப்படியே இருந்தன.

அந்தத் திங்கட்கிழமை பன்னிரண்டாவது படத்துக்கு வந்தார். "மாற்றல் வந்திருக்கு. புது அடையாள அட்டைக்கு வேணும். சனிக்கிழமை கிளம்புறேன்" என்றார். அக்கா தலையாட்டினாள். வெயிலைப் பற்றிக்கூட யாரும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் வாயில் கொழுக்கட்டை.

"நீயாவது கேளேன்" என்றாள் தங்கை அவர் போனபின்.

"இந்த வயசுல என்னத்தைக் கேக்குறது? அவருக்கு அப்படி ஒரு நினைப்பே இல்லன்னா? மானம் போயிடும்டி" என்றாள் அக்கா. அவளுக்கு அழுகை வந்தது. திரையில் யாருடைய பருவையோ மும்முரமாக அழித்தாள்.

புதன்கிழமை கூடத்தில் இரண்டு கேமராக்களும் முக்காலியில் ஏறின. அக்காவுடையது தானாகவே படம் எடுத்துக்கொள்ளும். அதனால் தங்கையின் கேமராவில் மேலிருந்து வெளிச்சம் விழாமல் கறுப்புக் குடை பிடிக்கும் வேலை அக்காவுக்கு. யாரும் ஒரே இடத்தில் நின்றுவிடக் கூடாதே, அதைக் கவனிக்க ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவரை அனுப்பினார். யாரை? வேறு யாரை, விசாரணைக்காரரைத்தான்.

"யாரும் நிக்காதீங்க, நடந்துக்கிட்டே இருங்க!" என்று அவர் கூடத்தின் நடுவில் நின்று குரல் கொடுத்தார். தங்கை பட்டனை அழுத்திவிட்டுக் கடிகாரத்திலேயே கண்ணாக இருந்தாள். நான்கு நிமிடமும் அக்கா குடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எங்கும் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

ஸ்டூடியோவுக்குத் திரும்பியதும் முதலில் தங்கையின் படத்தைத் திறந்தார்கள். அடடா, என்ன சுத்தம்! நூற்றுக்கணக்கான பேர் நடந்த தரையில் ஒரு நிழல்கூட இல்லை. கல்லுக்குக் கல் பளிச்சென்று தெரிந்தது. நடுவில் மட்டும் முளையடித்த மாதிரி ஒரே ஓர் ஆள்.

"ஐயையோ! ஊருக்குத்தான் உபதேசமா? எல்லாரையும் நடக்கச் சொல்லிட்டு இவரு நின்னுட்டாரே!" என்றாள் தங்கை. இன்னொரு வேடிக்கையும் இருந்தது. முகம் சற்றே மங்கல், மூச்சு விடும் மனிதனின் மங்கல்; ஆனால் ஆள் முழுசாக இருந்தார், வலது கையை மட்டும் காணவில்லை.

"உன் கண்ணாடி கோட்டை விட்டுடுச்சு" என்று அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இப்பப் பாரு." இருபத்திநாலு படங்களையும் கம்ப்யூட்டரிடம் கொடுத்தாள். அது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் காலிக் கூடத்தைக் காட்டியது. நடுவில் அதே ஆள், அதே இடம், அதே கையில்லாத கோலம்.

அக்காவுக்குக் குழப்பமாக இருந்தது. படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒன்றில் ஒரு கிழவர் அவரிடம் வழி கேட்கிறார். கை மேடைப் பக்கம் நீள்கிறது. அடுத்ததில் ஒரு பெண் பெட்டியோடு கேட்கிறாள். கை வாசல் பக்கம். இன்னொன்றில் யாரோ இடித்துவிட்டே போகிறான். கை ஓயாமல் அசைந்து எல்லோருக்கும் வழி காட்டியது, அதனால்தான் அது மட்டும் பதியவில்லை. காலும் கண்ணும் இம்மியும் அசையவில்லை.

"அக்கா, அவரு கேமராவைப் பாக்கல" என்றாள் தங்கை மெதுவாக. "கொஞ்சம் தள்ளிப் பாக்குறாரு. கேமராவுக்குப் பக்கத்துல குடை பிடிச்சிக்கிட்டு யாரு நின்னது?"

அக்காவின் கை பழக்கத்தில் மவுஸுக்குப் போயிற்று. ஓர் இழுப்பு இழுத்தால் ஆள் காலி, ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டபடி ஈ காக்கா இல்லாத கூடம். விரல் அழுத்த மறுத்தது. பாதி சந்தோஷம், பாதி பயம்.

"இதையும் அழிச்சியோ, ஜென்மத்துக்கும் உன்னோட பேசமாட்டேன்" என்றாள் தங்கை.

"பிரிண்ட் போடுடி" என்றாள் அக்கா.

விசாரணைச் சன்னலில் அவளுக்கு முன்னால் ஐந்து பேர். திரும்பிப் போய்விடலாமா என்று ஐந்து முறை நினைத்தாள். அவள் முறை வந்தது.

"சொல்லுங்க, எந்த ஊருக்கு?" என்றார் அவர் நிமிராமல்.

கண்ணாடிக்கு அடியில் இருந்த இடைவெளி வழியாகப் படத்தை உள்ளே தள்ளினாள். அவர் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். முகம் காது வரை சிவந்தது.

"நடந்துக்கிட்டே இருங்கன்னு எல்லாருக்கும் சொன்னீங்களே, நீங்க ஏன் நின்னீங்க?" என்று கேட்டாள் அக்கா. ஒரு வழியாகக் கேட்டுவிட்டாள்.

எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பவர் இந்தக் கேள்விக்குக் கால அட்டவணையை மூடி வைத்தார். பின்னால் ஒருவர், "சீக்கிரம்மா, எனக்கு வண்டிக்கு நேரமாச்சு" என்றார்.

"இந்தப் பக்கம் ஒரு அடி வெச்சா தூண் மறைச்சுது. அந்தப் பக்கம் வெச்சா உங்க குடை மறைச்சுது. அந்த ஒரு கல்லுல நின்னாத்தான் நீங்க தெரிஞ்சீங்க. சனிக்கிழமை போயிட்டா அப்புறம் பாக்க முடியாதேன்னு..." என்றார் அவர் படத்தைப் பார்த்தபடி.

அக்காவுக்குக் கண் நிறைந்தது, சிரிப்பும் வந்தது. "போற ஊரு எவ்வளவு தூரம்?"

"ரெண்டு மணி நேரம்" என்றார். அதற்குமேல் அவருக்கு வாய் திறந்துகொண்டது. "இங்க திரும்பி வர ஒரு நாளைக்கு ஏழு வண்டி. காலையில ஆறு பத்து, எட்டே கால். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒம்பதரைக்கு ஒண்ணு உண்டு."

"அந்த ஒம்பதரை வண்டி எந்த மேடைக்கு வரும்?"

"மூணாவது மேடை."

"நான் மூணாவது மேடையில நிப்பேன்" என்றாள் அக்கா. பிறகு படத்தைக் காட்டி, "உங்க வலது கையை மட்டும் காணோமே" என்றாள்.

அவர் சன்னலின் இடைவெளி வழியாக வலது கையை வெளியே நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். பின்னால் நின்றவர் தன் வண்டியை மறந்துவிட்டுச் சிரித்தார்.

பந்தயம் சமமாக முடிந்ததால் கைக்குழந்தைகளை இருவரும் மாறி மாறி எடுக்கிறார்கள். ரயில் நிலையச் சுவரில் மாட்டிய படத்தில் ஈ காக்கா இல்லை; அக்கா அவரை ஒரே இழுப்பில் அழித்துத்தான் கொடுத்தாள். ஆள்தான் கையில் இருக்கிறாரே. அழிக்காத படம் ஸ்டூடியோ வாசலில், பூத்தொட்டிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதற்கும் பக்கத்தில் புதிதாக இன்னொன்று உண்டு. அதில் அக்கா அவரோடு நிற்கிறாள். கண் மூடித்தான் இருக்கிறது, அவள் அதை அப்படியே விட்டுவிட்டாள்.