போதும்பொண்ணு வைத்த மெஸ்

மூன்று பெண்களுக்குப் பிறகு நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததால் அவளுக்குப் போதும்பொண்ணு என்று பெயர் வைத்தார்கள். அப்படி வைத்தால் அடுத்தது பையன் என்பது அவர்கள் ஊர்ப் பக்கத்து நம்பிக்கை. அடுத்ததும் பெண்தான். சாமியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை என்று அப்பாவுக்குத் தோன்றியதோ என்னவோ, அந்தப் பிள்ளைக்குத் தங்கப்பொண்ணு என்று வைத்துவிட்டார். அதுதான் போதும்பொண்ணுக்கு ஆறவேயில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அவள் பெயரைக் கூப்பிட்டால், "போதும் சார், அடுத்த ஆளக் கூப்பிடுங்க" என்று பையன்கள் பின்னாலிருந்து குரல் கொடுப்பார்கள்.

இருபத்திரண்டு வருஷம் யூனிவர்சிட்டிப் பெண்கள் விடுதியில் சமையல் செய்தாள். அங்கே அவள் வெறும் பொண்ணக்கா. ஐம்பது வயதில் வேலையை விட்டுவிட்டு, நாகமலை புதுக்கோட்டையில் சொந்தமாக ஒரு மெஸ் போட முடிவு செய்தபோதுதான் பழைய சிக்கல் திரும்பி வந்தது. மெஸ்ஸுக்குப் பெயர் வைக்க வேண்டும்.

"உன் பேரையே வையேன்ம்மா," என்றாள் மகள் முத்துச்செல்வி.

"சாப்பிட வர்றவன வாசல்லயே போதும்னு சொல்லித் திருப்பி அனுப்பவா?"

முத்துச்செல்வி போனை எடுத்து உலகத்துப் பெயர்களையெல்லாம் அர்த்தத்தோடு வாசித்தாள். சோபியா, கிரேக்கத்தில் அறிவு. "அறிவுக்கு எதுத்தாப்புல யூனிவர்சிட்டி இருக்கு. நமக்கு எதுக்கு?" ஸ்டெல்லா, லத்தீனில் நட்சத்திரம். "அது பெரிய ஓட்டல்காரங்க வச்சுக்கிறது." அமேலியா, ஜெர்மன் பக்கத்து வேர், உழைப்பு. அதைக் கேட்டதும் போதும்பொண்ணு வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள். பிறந்த நாளிலிருந்து தன்னைக் கவனித்துக்கொண்டிருந்த யாரோ வைத்த பெயர் போல இருந்தது.

காளவாசலில் போர்டு எழுதும் முகைதீன் பிச்சையிடம் போனாள். அவள் நீட்டிய சீட்டில் அமேலியா என்றிருந்ததை அவர் இரண்டு தடவை வாசித்தார்.

"யாரு தங்கச்சி இது, மருமகளா?"

"பேருண்ணே. உழைப்புன்னு அர்த்தம். ஜெர்மன்ல."

"புளிக்கொழம்பு தின்ன ஜெர்மன்காரனா வரப்போறான்? ஷிபான்னு வையி. எம் மக பேரு. நோவு தீருறதுன்னு அரபியில அர்த்தம்."

"சாப்பாட்டுக் கடைக்கா? மருந்துக் கடைன்னுல்ல நெனப்பாக."

"அதுவுஞ் சரிதான்." பிச்சை பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டார். "உம் பேருல என்ன கொறச்சல்? எனக்கு முன்னாடி ரெண்டு பிள்ளைக தங்கல. எங்கம்மா தர்காவுல மடியேந்தி வாங்குன பிள்ளைன்னு பிச்சைன்னு வச்சாக. அறுபது வருசமா அந்தப் பேரோடதான் இருக்கேன். யாரும் எனக்குக் காசு போட்டதில்ல."

"ஒங்களக் கேட்டு வாங்குனாக. என்னைய வேணாம்னுல்ல சொன்னாக," என்றாள் போதும்பொண்ணு. பிச்சை பிரஷ்ஷைப் பெயின்டில் நனைத்தார். அமேலியா என்று அழகாக எழுதிக் கொடுத்தார்.

மெஸ் திறந்த முதல் நாள் இரண்டு பேர் கேக் இருக்கிறதா என்று கேட்டுப் போனார்கள். ஒருவர் புருவம் திருத்தக் கட்டணம் கேட்டார். கண்ணாடிக் கதவு வழியே சாம்பார் வாளியைப் பார்த்த ஒரு பெண், "பார்லர் மாடியிலயா?" என்றாள். மூன்றாம் நாள் வரை பொங்கிய சோற்றில் பாதி மிஞ்சியது.

நான்காம் நாள் சுயேகோ வந்தார். ஜப்பானில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றபின், தமிழ் படிக்கவென்று ஒரு காலத்தில் ஆறு மாதம் விடுதியில் தங்கி, போதும்பொண்ணு கையால் சாப்பிட்டவர். ஒரு கருத்தரங்குக்காகத் திரும்பி வந்தவர், விடுதியில் அவளைக் காணாமல், தெருவில் இறங்கித் தேடினார். முழுப்பெயரை மறக்காத ஒரே ஆள் அவர்தான். அதுவே வினையாகிவிட்டது. பார்த்தவரிடமெல்லாம், "போதும் பொண்ணு எங்கே? போதும் பொண்ணு எங்கே?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டிருக்கிறார். அலைந்தது போதும், மகனுக்குப் பெண் எங்கே என்று அந்த அம்மாள் கேட்பதாக நினைத்த டீக்கடைக்காரர், இரக்கப்பட்டுக் கல்யாணத் தரகர் முத்திருளனிடம் சேர்த்துவிட்டார்.

முத்திருளனோடுதான் மெஸ்ஸுக்குள் நுழைந்தார். "பாவம், வெயில்ல கெறங்கிட்டாக. மொதல்ல சோறு போடு தாயி. பதினோரு போட்டோ காட்டிட்டேன், ஒண்ணும் பிடிக்கல," என்றார் தரகர்.

சுயேகோ ஓடிவந்து போதும்பொண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். "இவர்தான் நான் தேடிய பெண்," என்றார். முத்திருளன் போதும்பொண்ணை மேலும் கீழும் பார்த்துவிட்டு இலை முன்னால் உட்கார்ந்தார்.

விஷயம் தெளிந்து எல்லாரும் சிரித்து முடித்ததும் சுயேகோ போர்டைப் பற்றிக் கேட்டார். போதும்பொண்ணு தலையைக் குனிந்துகொண்டு தன் பெயரின் அர்த்தத்தைச் சொன்னாள். சுயேகோ ஆச்சரியப்படவில்லை.

"சுயேகோ என்றால் கடைசிப் பிள்ளை. நான் ஐந்தாவது. இதுவே கடைசியாக இருக்கட்டும் என்று வைத்தார்கள். எங்கள் தெருவில் தோமெ என்று ஒரு பாட்டி. தோமெ என்றால் நிறுத்து."

"நின்னுச்சா?"

"அவர்கள் வீட்டில் நின்றது. எங்கள் வீட்டில் எனக்குப் பிறகு இரண்டு பேர்."

போதும்பொண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடல் தாண்டியும் ஒரு அப்பன் இதே கணக்குப் போட்டு இதே மாதிரி ஏமாந்திருக்கிறான். அந்தத் தோமெயைப் பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னவெல்லாம் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தபோது, பார்த்தேயிராத அந்தக் கிழவிமேல் அவளுக்குச் சொந்தக்காரியைப் போல ஒரு பாசம் வந்தது.

"ஒங்களுக்கு மாத்தணும்னு தோணலியாம்மா?"

"நாற்பது வருடம் பிள்ளைகள் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அர்த்தம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அவர்களுக்கு என்மேல் பயம் மட்டும்தான் இருந்தது."

சாயங்காலமே போதும்பொண்ணு காளவாசலுக்குப் போனாள். முகைதீன் பிச்சை காரணம் கேட்கவில்லை. "சின்ன எழுத்தா, பெரிய எழுத்தா?" என்று மட்டும் கேட்டார்.

"பஸ்ஸுல போறவனுக்கும் தெரியணும்ணே."

புதுப் போர்டு ஏறிய அன்று மத்தியானம் கூட்டம் வந்தது. பேரைப் பார்த்துச் சிரித்தபடி உள்ளே வந்தவர்கள் சாப்பிடவும் செய்தார்கள். ஒரு மாணவன் இலைக்கு மேல் கையை மறித்து, "போதும், போதும்," என்றான்.

"எதுக்கு ரெண்டு தடவ கூப்பிடுற? இங்கனதான நிக்கிறேன்," என்று சொல்லி, இன்னொரு கரண்டி சோற்றை அவன் இலையில் தள்ளினாள் போதும்பொண்ணு.