கண்ணமங்கலம் வரைக்கும்

வெள்ளைக் கார் செங்கம் சாலையிலிருந்து திரும்பி என் ஷெட்டுக்குள் ஊர்ந்து வந்து நின்றது. ஓட்டி வந்தவனை உடனே தெரிந்தது. அருணகிரி. அவனுக்கு என்னைத் தெரியவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் அவன் என்னை முன்சீட்டிலிருந்து கண்ணாடி வழியாகத்தான் பார்த்தான். அப்போது எனக்குத் தாடி இல்லை, சட்டையில் கிரீஸ் இல்லை. மடியில் என் மனைவி மணிமொழியின் தலை இருந்தது.

அவளுக்கு அது எட்டாம் மாதம். திடீரென்று ரத்தம் போனது. வேலூருக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். டாக்ஸி ஸ்டாண்டில் முதலில் நின்றது அருணகிரியின் கார். போளூர் வரை நன்றாகப் போனது. பிறகு இழுக்கவில்லை. கண்ணமங்கலத்தை நெருங்கும்போது சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"ஏங்க, என்ன நாத்தம் இது?" என்றாள் மணிமொழி.

"எங்கேயோ குப்பை எரிக்கிறாங்க" என்றேன்.

அவள் கேட்ட கடைசிக் கேள்வி அது. வேறு வண்டி கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குழந்தையும் போய்விட்டது. "பெட்ரோல்ல கலப்படம் சார்" என்றான் அருணகிரி. நம்பினேன். நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தியவன்.

அதன் பிறகு மாணவர்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேலையை விட்டேன். வண்டிக்கு அடியில் படுத்திருப்பவனிடம் யாரும் துக்கம் விசாரிப்பதில்லை.

அருணகிரி இறங்கினான். பின்னாலிருந்து அவன் மகள் இறங்கினாள். நிறைமாதம். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முந்தானையால் மூக்கை மூடினாள்.

"ஏம்பா இப்படி நாறுது?"

"சாக்கடைம்மா. நீ போய் அந்த பெஞ்ச்ல உக்காரு அபிநயா."

அழுகிய முட்டை நாற்றம். ஷெட்டுக்குப் பக்கத்தில் சாக்கடை கிடையாது. அன்றைக்குக் கண்ணமங்கலத்தில் குப்பையும் எரியவில்லை.

"வண்டி இழுக்கவே மாட்டேங்குது தம்பி. காலு வலிக்கிறவன் மலை சுத்தற மாதிரி போவுது."

"எப்பவுமேவா?"

"காலைல எடுத்தா குதிரை. சூடு ஏறிச்சுன்னா கழுதை."

அடியில் படுத்தேன். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாயில், நடுவில் இருக்கும் கன்வெர்ட்டர் பெட்டிக்கு முன்னால் உள்ள போல்ட்டுகளைத் தளர்த்தி, ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். எஞ்சின் தடையில்லாமல் உறுமியது. இறுக்கிவிட்டு மறுபடி மிதிக்கச் சொன்னேன். எஞ்சினுக்கு மூச்சு முட்டியது. பெட்டியை ரப்பர் சுத்தியலால் தட்டினேன். உள்ளே ஓட்டுச் சில்லுகள் உருளும் சத்தம். கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு போலத் துளைகள் கொண்ட பீங்கான் இருக்கும். உடைந்த துண்டு பெட்டியின் வாயில் போய்ப் படுத்தால் புகைக்கு வழி இல்லை; முட்டை நாற்றமும் அதனால்தான். துண்டு நகர்ந்தால் வண்டி ஓடும். பெட்டியின் குறுக்கே ஒரு வெல்டிங் தழும்பு இருந்தது.

"இதை யாரோ அறுத்திருக்காங்களே அண்ணா."

"ஆமா, நான்தான் சொன்னேன். மூணு வருஷம் இருக்கும். மாத்தணும்னு சொன்னாங்க. தீபத்துக்கு ரெண்டு நாள்தான் இருந்துச்சு, கூட்டம் ஜாஸ்தி, எவன் வண்டிய நிறுத்துவான்? அறுத்து, கடப்பாரையால குத்தி வழி பண்ணி ஒட்டிட்டோம். ஸ்டாண்ட்ல எல்லாரும் பண்றதுதான்."

"பாதிதான் குத்தியிருக்கீங்க. மீதி உள்ளேயே கிடக்குது. சவாரியில எப்பவாவது நின்னுச்சா?"

மகள் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஒரு தடவ. வேலூர் போற வழி. புள்ளத்தாச்சிப் பொண்ணு, பாவம். பெட்ரோல் கலப்படம்னு சொல்லிச் சமாளிச்சேன். அந்தாளு வாத்தியார் வேற. படிச்சவரு, அப்படியே நம்பிட்டாரு."

சிரித்தான். கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். வைக்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

"புதுசு போடணும். வேலூர்லேர்ந்து சாயங்காலம் பஸ்ல வரும்."

"அதுக்கெல்லாம் நேரமில்ல தம்பி. நாளைக்குக் காலைல பொண்ண வேலூர்ல சேக்கணும். இப்போதிக்கி நீயும் ஒரு குத்து குத்தி வழி பண்ணி விடு. ஒரு நாள் ஓடினா போதும்."

அவன் கேட்டதை மட்டும் செய்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. போளூர் தாண்டும். கண்ணமங்கலத்தில் நிற்கும். இந்த முறை கண்ணாடியில் அவன் பார்ப்பது அவன் மகளாக இருக்கும்.

அபிநயா மூக்கிலிருந்து முந்தானையை எடுக்கவில்லை.

"பொண்ண ஆட்டோல வீட்டுக்கு அனுப்புங்க. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

அவள் போனதும் அருணகிரி முன்கதவைத் திறந்தான். "பின்னாடி உக்காருங்க" என்றேன். குழப்பத்தோடு உட்கார்ந்தான். செங்கம் சாலையில் வண்டி நன்றாகச் சூடேறும்வரை போய்த் திரும்பி, கிரிவலப் பாதையில் இறங்கினேன். அடி அண்ணாமலைக்கு முன்னால் கழுதையானது. ஆக்சிலேட்டரைத் தரைவரை மிதித்தேன். வெறுங்காலோடு மலை சுற்றும் இரண்டு பெண்கள் எங்களை முந்திப் போனார்கள். ஒருத்தி திரும்பி, "இறங்கித் தள்ளுங்கப்பா" என்றாள்.

"நிறுத்து தம்பி, எஞ்சின் போயிடும்."

"அன்னைக்கு நான் இதைத்தான் சொல்லியிருக்கணும்."

கண்ணாடியில் அவன் கண்கள் என் கண்களைத் தேடின. அடையாளம் தெரிய நேரம் பிடித்தது. எனக்கு அவசரமில்லை.

"சார்" என்றான். காலையிலிருந்து தம்பி என்றவன்.

"அவ பேரு மணிமொழி. நீங்க கேக்கவே இல்ல."

அவன் கதவைத் திறக்கப் பார்த்தான். "உக்காருங்க" என்றேன். ஊர்ந்தபடியே ஷெட்டுக்குக் கொண்டுவந்தேன். வழியில் அவன் அழுதான். என்னை அது ஒன்றும் செய்யவில்லை.

மாலை பஸ்ஸில் புதிய கன்வெர்ட்டர் வந்தது. போட்டேன். சூடேற்றி இரண்டு முறை மலையைச் சுற்றினேன். குதிரை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அருணகிரியின் மருமகன் சக்திவேல் ஓட்ட வந்தான். அபிநயா பின்சீட்டில் உட்கார்ந்தாள். அருணகிரி அவள் பக்கத்தில். பழைய பெட்டியைச் சாக்கில் சுற்றி அவன் மடியில் வைத்தேன்.

"கண்ணமங்கலம் வரைக்கும் மடியிலேயே இருக்கணும்" என்றேன்.

அவன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டான்.

"என்னப்பா அது?" என்றாள் அபிநயா.

அவன் என்னைப் பார்த்தான்.

"நீங்களே சொல்லுங்க" என்று கதவைச் சாத்தினேன்.

வண்டி நாற்றமில்லாமல் கிளம்பியது. நன்றாக இழுத்தது. வேலூர் இரண்டு மணி நேரம். அவள் மறுபடி கேட்பாள்.