கூடையில் விழுந்த கொழுந்து

வேலாயிக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது எண்பத்து நான்கு ரூபாய். கடன் என்று சொல்லிக்கொண்டாலும் அது கடன் இல்லை. நான் எடுத்தது.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் குடியிருந்த பெண்கள் பன்னிரண்டு பேர் ஆளுக்கு மாதம் ஏழு ரூபாய் சீட்டுப் போட்டோம். பணம் என்னிடம் இருக்கும். ரூத்து வேதக்காரி, கைசுத்தமானவள் என்று அவர்களே என்னிடம் ஒப்படைத்தார்கள். கடைசி முறையை வேலாயி கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் மகள் பூரணிக்குத் தை மாதம் கல்யாணம். முன்னாலேயே வாங்கினால் கரைந்துபோகும், கடைசியில் வாங்கினால் அப்படியே கல்யாணத்துக்கு ஆகும் என்பது அவள் கணக்கு.

என் தோடு அக்கரப்பத்தனை அடகுக் கடையில் இருந்தது. அந்த மாதம் மீட்காவிட்டால் முழுகிவிடும் என்றார்கள். சீட்டுப் பணத்தை எடுத்து மீட்டுவிட்டேன். வேலாயி கேட்டு வருவதற்குள் எங்கேயாவது புரட்டிவிடலாம் என்று நினைத்தேன். புரட்ட முடியவில்லை. அவள் வருகிற அன்று பெட்டிப் பூட்டை நானே உடைத்துவிட்டு, திருட்டுப் போய்விட்டது என்று கூப்பாடு போட்டேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. அந்தத் தோட்டைப் போட்டுக்கொண்டே பூரணியின் கல்யாணத்துக்கும் போனேன்.

தோடு நிலைக்கவில்லை. அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் நெஞ்சுச் சளியோடு படுத்தபோது அதை விற்றேன். அவரும் பிழைக்கவில்லை. அவரை அடக்கம் செய்த எட்டாம் நாள், பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த வேலாயியிடம் போய், சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் கேட்க, நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. பிறகு தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அது ஐம்பத்தொன்பதாம் வருஷம்.

அதிலிருந்து ஒவ்வொரு சம்பளநாளும் லயத்தில் அவள் குடியிருந்த காம்பிராவின் வாசலில் ஒரு ரூபாய் வைத்தேன். முடியாத மாதம் ஐம்பது சதம். அவள் எடுத்துக்கொள்வாள், பேசமாட்டாள். அந்த நாட்களில்தான் நான் எழுத்துப் படித்தேன். எனக்கு முப்பத்தெட்டு வயது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உபதேசியார் சம்சாரம் எங்களைப் போன்றவர்களுக்குச் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். எழுத வந்ததும் நான் வாங்கிய முதல் நோட்டில் இந்தக் கணக்கைத்தான் எழுதினேன்.

மாதம் ஒருமுறை பாதிரி ஐயர் வந்து எங்கள் சின்னக் கோயிலில் திருவிருந்து, அப்பமும் இரசமும், கொடுப்பார். எல்லோரும் எழுந்து முன்னால் போவார்கள். நான் மட்டும் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் வாசலில் நிறுத்திக் கேட்டார்.

“ஏம்மா, நீ வர்றதே இல்லையே?”

“கடன் தீரட்டுங்க ஐயா. இன்னும் அம்பத்தி மூணு ரூவா நிக்குது.”

“இது சம்பளம் இல்லம்மா, விருந்து. ஆண்டவர் வேலையப் பாத்துக் குடுக்கறதில்ல. அதுக்குத்தான் கிருபைன்னு பேரு.”

“வேல செய்யாதவளுக்கு யாருங்க ஐயா பேர் போடுவா?”

பேர் என்றால் எங்களுக்கு ஒரு நாள் கூலி. பதினாறு றாத்தல் கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். ஆண்டவரிடமும் அப்படி ஒரு புத்தகம் இருக்கும், கடன் தீர்கிற வரைக்கும் எனக்கு அதில் அரைப்பேர்தான் என்று நினைத்திருந்தேன். ஐயர் தலையை ஆட்டிச் சிரித்தார். “ஆண்டவரக் கணக்கப்பிள்ளையாக்கிட்டியே, ரூத்து” என்று சொல்லிக்கொண்டே குடையை விரித்துப் போய்விட்டார்.

அறுபத்திரண்டு ஆடியில் எனக்கு வலது கைப் பெருவிரலில் நகச்சுற்று வந்தது. கொழுந்து எடுக்கிறவளுக்குப் பெருவிரல் போனால் கையே போன மாதிரி. மழை வேறு. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு இடக்கையால் கிள்ளினேன். பொழுது சாய்ந்தபோது எப்படியும் ஒன்பது றாத்தலுக்கு மேல் தேறாது, அரைப்பேர்தான் என்று தெரியும். அரைப்பேர் விழுந்தால் இந்த மாதம் ஒரு ரூபாய் வைக்க முடியாதே என்ற நினைப்போடு நிறுவைக்குப் போனேன்.

கணக்கப்பிள்ளை சின்னராசா தராசைப் பார்த்தார். காலையிலும் மத்தியானமும் வாய்விட்டுச் சொல்லாமல் குறித்துக்கொண்ட நிறுவையையும் சேர்த்துக் கூட்டினார்.

“பதினேழு. ரூத்து, முழுப்பேரு.”

“ஐயா, தராசக் கொஞ்சம் பாருங்க. நான் ஒம்பதுகூட எடுத்திருக்கமாட்டேன்.”

அவர் பென்சிலைக் காதில் செருகினார். “எடை கொறஞ்சுபோச்சுன்னு தெனமும் சண்டை. கூடிப்போச்சுன்னு சண்டைக்கு வந்த மொத ஆளு நீதான். நகந்து நில்லு.”

“அக்காவுக்கு வேணாமாம் ஐயா, எம்பேருல போடுங்க!” என்றாள் பின்னால் நின்ற மீனம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் கவனமாக இருந்தேன். கூடை முதுகில் கிடக்கிறது, அதில் என்ன விழுகிறது என்று நமக்குத் தெரியாது. பத்து மணி இருக்கும். கூடைக் கயிறு தலையில் சற்று இறுகியது. சட்டென்று திரும்பினேன். அடுத்த செடி நிரையில் இருந்த வேலாயியின் இரண்டு கையும் என் கூடைக்கு மேலே இருந்தன. கை நிறையக் கொழுந்து.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. போட்டுவிட்டுத்தான் எடுத்தாள்.

“முன்னால பாத்துப் போ. நெரை வுட்டுப்போகுது” என்றாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு என்னோடு அவள் பேசியது அதுதான்.

எங்கள் மலையில் அவளைப்போல வேகமாகக் கொழுந்து எடுக்கிறவள் கிடையாது. பதினாறுக்கு மேலே எடுக்கும் ஒவ்வொரு றாத்தலுக்கும் அவளுக்குத் தனிக் காசு கிடைக்கும். அந்தக் காசைத்தான் அவள் என் முதுகில் கொட்டிக்கொண்டிருந்தாள். பதினொரு நாள் கொட்டினாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நோட்டில் எழுதினேன். பதினொரு அரைப்பேருக்குப் பதின்மூன்று ரூபாய் இருபது சதம். பழைய பாக்கி ஐம்பத்தொன்று ஐம்பது. ஆக அறுபத்து நான்கு ரூபாய் எழுபது சதம். அவள் இரங்கியதில் என் கடன் ஏறிவிட்டது.

சம்பளநாள் சாயங்காலம் நோட்டையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். வேலாயி இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்ன இம்புட்டுக் காசு?”

“கொழுந்துக் காசுக்கா. பதினோரு நாளைக்கு. இந்த மாசத்து ஒரு ரூவாயும் இருக்கு.”

சுளகைத் தள்ளி வைத்தாள். “அந்த நோட்டுல என்னதான் எழுதி வச்சிருக்க? படி, கேப்போம்.”

முதல் பக்கத்தைப் பிரித்தேன். “எடுத்தது எண்பத்து நான்கு ரூபாய். திருட்டுப் போனதாகப் பொய் சொன்னது…” நிறுத்திவிட்டேன்.

“பொய் சொன்னதுக்கு எவ்வளவு?”

“எழுதலக்கா. எவ்வளவுன்னு தெரியல. எடம் வுட்டு வச்சிருக்கேன்.”

“எம்மக கழுத்துல குன்றிமணி பொன்னில்லாமப் போனா. நீ அந்தத் தோட்டோட எங்க வீட்டுப் பந்தியில ஒக்காந்திருந்த. ஐயோ, காசத் திருட்டுக் குடுத்துட்டு நிக்கிறாளேன்னு ஒனக்கு ரெண்டாந்தரம் பாயாசம் ஊத்துனேன். அந்தப் பாயாசத்துக்கு எவ்வளவு போடுவ?”

நான் நோட்டை மூடினேன்.

“சொல்லு. நூறு போட்டாச் சரியாப் போகுமா? ஆயிரம்?”

“சரியாப் போகாதுக்கா.”

“அப்ப எதுக்குடி மாசாமாசம் ஒரு ரூவாயத் தூக்கிக்கிட்டு வர்ற? ஒன்னப் பாக்குற அன்னிக்கெல்லாம் எனக்கு அந்தக் கல்யாணம் ஞாபகம் வருது. வாங்காட்டி இன்னும் கருகிப்போவியேன்னு வாங்குனேன். பூரணி பொண்ணு பெத்தா பாரு, போன வருசம், அன்னிக்கே கோவத்த வுட்டுட்டேன். புள்ளைய மடியில வாங்குனப்ப ஒன்ன வச்சிக்க எடமில்ல.”

“அப்ப அந்தக் கொழுந்து?”

“ஒனக்கு வெரலு வீங்கியிருந்துச்சு. எங்கையில கொழுந்து இருந்துச்சு, ஒங்கூடையில இல்ல. இதுல என்ன கணக்கு?” காசை என் மடியில் தள்ளினாள். “எடுத்துக்கிட்டுப் போ. இனிமே வந்தா வெறுங்கையோட வா. முடியாட்டி வராத.”

நோட்டை அங்கேயே விட்டுவிட்டுக் காம்பிராவுக்கு ஓடிவந்தேன். நன்றியா வந்தது? இல்லை, கோபம்தான் வந்தது. திருடிதான் என்றாலும் மாதாமாதம் திருப்பிக் கொடுக்கிற திருடி என்று கொஞ்சம் தலை நிமிர்ந்து நடந்தேன். அதையும் பிடுங்கிக்கொண்டாளே என்று இருந்தது. வெறுங்கையோடு ஒருத்தி வாசலில் போய் நிற்பது ஒரு ரூபாய் கொண்டுபோவதைவிடக் கஷ்டம்.

மறுநாள் ஞாயிறு, ஐயர் வருகிற ஞாயிறு. வழக்கம்போலக் கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். எல்லோரும் எழுந்து போனார்கள். முன்னால் போகிறவர்களின் கைகளைப் பார்த்தேன். செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த கை, கொழுந்துக் கறை ஏறிய கை, ஒன்றிலும் எதுவும் இல்லை. எல்லாம் ஏந்திக்கொண்டுதான் போயின. இவர்களில் யாரும் இதைச் சம்பாதித்து வாங்கவில்லை என்பது அப்போதுதான் என் புத்தியில் பட்டது. என்னுடைய அந்த எழுதாத இடத்துக்கும் விலை இல்லை, நான் எத்தனை வருஷம் கொழுந்து எடுத்தாலும் நிரம்பாது. வேலாயி அதை எனக்கு முன்பே சொல்லிவிட்டாள். அவள் அதைக் கிருபை என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எழுந்து போனேன். துணி சுற்றிய விரலோடு கையை நீட்டினேன். ஐயர் அப்பத்தை உள்ளங்கையில் வைத்தார். வாங்கிக்கொண்டேன்.

கோயிலிலிருந்து நேராக வேலாயியின் இஸ்தோப்புக்குப் போனேன். அவள் முதலில் என் கையைத்தான் பார்த்தாள்.

“ஒன்னும் கொண்டாரலியே?”

“இல்லக்கா.”

“அப்பாடா. உள்ள வா, குளிருது.”

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. விறகு அடுக்கின்மேல் என் நோட்டு கிடந்தது. அவள் அதை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“போடட்டுமா?”

அறுபத்து நான்கு ரூபாய் எழுபது சதம். எத்தனை நாள் விரல் நோக எழுதிய எழுத்து.

“போடுங்கக்கா” என்றேன்.

மழைக்கு நோட்டு ஈரம் ஏறியிருந்தது. லேசில் பற்றவில்லை. புகைதான் வந்தது. இருவரும் இருமினோம். “கடன்காரி நோட்டு, எரியக்கூட மாட்டேங்குது பாரு!” என்று ஊதுகுழலை எடுத்து ஊதினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். ஒருவழியாக அட்டையிலிருந்து பற்றிக்கொண்டது.

தேத்தண்ணி கொடுத்தாள். ஒரு வாய் குடித்தேன். சீனி கொஞ்சம் குறைவாக இருந்தது. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டேன். போட்டாள்.