தவளையும் தவலையும்

அக்காவின் மூன்று வருட ஆராய்ச்சி, கட்டைவிரல் நகத்தளவு தவளை ஒன்றின் தலையில் நின்றது. வீட்டுக்குப் பின்னால், குழாயடிச் சுவர்ப் பொந்தில் அது குடியிருந்தது. பொந்துக்கு ஒரு சாண் தள்ளித் தண்ணீர் நிரப்பிய பித்தளைத் தவலை. எங்கே கொண்டுபோய் விட்டாலும் அந்தத் தவலையைக் கண்ணால் பார்த்துத்தான் தவளை வீடு திரும்புகிறது என்பது அக்காவின் கட்சி. "அதெல்லாம் மோப்பம்மா" என்பது அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியரின் கட்சி. அன்று காலை நேரில் பார்க்க வருகிறார். நம்பாவிட்டால் தலைப்பையே மாற்றச் சொல்லிவிடுவார். தவளைக்கு வழிகாட்டி இல்லாமலே வழி தெரிகிறது; அக்காவுக்குத்தான் இப்படி ஒருவர் தேவைப்பட்டார்.

அவரை அழைத்துவரப் போன அக்கா, பஸ் ஸ்டாப்பிலிருந்து மாமாவுக்குப் போன் செய்தாள். மாமா அவள் கணவர். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். காதுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

"என்னங்க, தவளைய எதிர்ச் சுவர் ஓரமா வெச்சிடுங்க. மெதுவா தூக்குங்க."

"தண்ணியோடவா?"

"தண்ணியோடதான். கொட்டிடாதீங்க!"

மாமாவுக்கு ல, ள இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அக்கா தவளையைப் பிடித்துப் போட்டுவைத்திருந்த டப்பாவை விட்டுவிட்டு, இருபது லிட்டர் தவலையை மார்போடு அணைத்துத் தூக்கினார். வாய் நிறையப் பற்பசை நுரையோடு நின்ற நான், கையையும் காலையும் ஆட்டித் தடுத்தேன்.

"நீ ஒண்ணும் பிடிக்க வேணாம்டா, நானே வெச்சிடறேன்" என்றார் பெருந்தன்மையாக.

நான் வாய் கொப்பளித்து வருவதற்குள் அக்காவும் வழிகாட்டியும் வந்தாகிவிட்டது. டப்பா நகரவே இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே அக்கா அதை எடுத்துவந்து, பின்முற்றத்தின் நடுவில் வைத்துத் திறந்தாள். அப்புறம்தான் தவலை இருந்த இடத்தில் ஈர வட்டம் மட்டும் இருப்பதைக் கண்டாள். முகம் செத்துவிட்டது.

தவளை நிதானமாகச் சுற்றிப் பார்த்தது. பிறகு தன் சொந்தப் பொந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்ச் சுவரை நோக்கித் தத்தித் தத்திப் போனது. தவலைக்கு ஒரு சாண் தள்ளி நின்று, வெறும் சுவரை முட்டி முட்டிப் பார்த்தது.

"வீட்டுக்குப் போகலையேம்மா" என்றார் வழிகாட்டி.

அக்கா தவளையைப் பார்த்தாள். தவலையைப் பார்த்தாள். வாய் மெல்ல மெல்லக் காதுவரை விரிந்தது.

"போயிடுச்சு சார்! வீட்டைத்தான் காணோம்! வாசனை பூரா இந்தப் பக்கம் பொந்துலதானே இருக்கு?"

வழிகாட்டி மூக்கைச் சொறிந்தார். "தவலைய வேற பக்கம் வைங்க பார்ப்போம்."

மாமா வைத்தார். தவளை அங்கே போனது. "அந்த மூலையில." அங்கேயும் போனது. ஐந்தாவது முறை மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "தண்ணியயாவது கொட்டிடலாமே" என்று கெஞ்சினார்.

"கூடாது மாமா, சோதனை கெட்டுடும்" என்று நான் அறிவியலைக் காப்பாற்றினேன்.

கடைசியில் தவலை பழைய இடத்துக்கே வந்தது. தவளை ஒரு தடவை பார்த்தது. தாவித் தாவிப் போய்ப் பொந்துக்குள் மறைந்தது. முதலில் கைதட்டியது மாமாதான்.

வழிகாட்டி தேய்த்த சட்டையோடு ஈரத் தரையில் குப்புறப் படுத்தார். கன்னத்தைத் தரையோடு வைத்து, தவளையின் உயரத்திலிருந்து தவலையைப் பார்த்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எங்களுக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

"இங்கேருந்து பார்த்தா எப்படி ஜொலிக்குதும்மா!" என்றார். "எழுதிடு."