ஏசி டக்டில் ஒரு பல்லி

நிச்சயதார்த்தக் கூட்டம் வந்து உட்கார்ந்த பிறகுதான் காரிமங்கலம் மண்டபத்துக்காரருக்கு ஏசி ஞாபகமே வரும். "நவநீதா, மேல டக்டுக்குள்ள ஏதோ அடிக்குது. சத்தம் போடாம சரி பண்ணு" என்றார். சத்தம் போடாமல் தகரத்தை எப்படிய்யா முடுக்குவது? முனகிக்கொண்டே ஏணி வைத்துப் பரணில் ஏறினேன்.

தகரக் குழாயான அந்த டக்டின் மூடியைக் கழற்றினால், காற்றைக் கூட்டிக் குறைக்கிற டாம்பர் தகடு லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. காற்று இறங்கும் சல்லடை வழியாகக் கீழே ஹால் முழுக்கத் தெரிந்தது. பேச்சும் கேட்டது.

மாப்பிள்ளையின் அத்தை தீர்த்தம்மாள் கறாராகப் பேசிக்கொண்டிருந்தார். "பொண்ணு ஓசூர்ல லேப் வேலைக்குப் போறதெல்லாம் இதோட சரி. கண்ணாலம் ஆனா வேலைய வுட்டுடணும்."

அந்த நேரம் பார்த்துத் தகடு என் கையிலிருந்து நழுவி டக் டக் டக்கென்று அடித்தது.

"பாத்தீங்களா, பல்லி சொல்லிருச்சு!" தீர்த்தம்மாள் நாற்காலிக் கையில் விரலால் மூன்று தட்டு தட்டினார். கூட்டமே தலையாட்டியது. பல்லி சொன்ன பிறகு எங்கள் பக்கம் அப்பீல் கிடையாது. பெண் சுகுணாவின் முகம் செத்துவிட்டது. அடப்பாவி, ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டுவிட்டேனே!

சுகுணா விருட்டென்று எழுந்தாள். "நான் வேலைய வுட மாட்டேங்க. அத்தன வருசம் படிச்சது வூட்ல குந்தறதுக்கா?"

விடுவேனா? தகட்டைப் பிடித்து நானே அடித்தேன். டக் டக் டக்.

கீழே தலையாட்டியவர்கள் எல்லாம் தீர்த்தம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதெப்பிடி, ஒரே பல்லி ரெண்டு பேச்சு பேசும்? எந்தத் திக்குல இருந்து சொல்லுச்சு?" தீர்த்தம்மாள் அண்ணாந்தார்.

சத்தம் வராமல் தகட்டை அழுத்திப் பிடித்தேன். தகட்டின் ஸ்க்ரூ கழன்று, சல்லடைச் சந்தில் புகுந்து, நேராக மாப்பிள்ளையின் அப்பா மாதையன் மடியில் விழுந்தது. அதுவரை அக்காவுக்கு முன்னால் வாயே திறக்காத மனுஷன். ஸ்க்ரூவைப் பார்த்தார். மேலே பார்த்தார். சல்லடைக்குப் பின்னால் முழித்துக்கொண்டிருந்த என்னையும் பார்த்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

அவர் ஸ்க்ரூவைக் கைக்குள் பொத்திக்கொண்டார். "கடைசியா சொன்னதுதான் அக்கா கணக்கு. மருமவ வேலைக்குப் போவட்டும். தட்ட மாத்துங்க."

தட்டு மாற்றினார்கள். சுகுணா சிரித்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஸ்க்ரூ இல்லாமல் வேலை முடியாதே என்று கீழே இறங்கினேன். ஏணியடியில் மாதையன் நின்றிருந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"உம்பட பல்லி வால வுட்டுட்டுப் போயிருச்சுப்பா" என்றார். "அடுத்த மாசம் எங்க வூட்ல நெலம் பிரிக்கற பேச்சு இருக்குது. அக்காவும் வருது. நீ பல்லியக் கூட்டிட்டு வந்துரு."